பட்டையைப் படித்தல்: இராமநாதபுரம் கடலோர மரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மரம் இன்னதென்று அறிய இலையைப் பறித்துப் பார்ப்பதும், பூவைத் தேடுவதும், காயைக் கிள்ளி முகர்வதும் நம் வழக்கம். இராமநாதபுரம் கடலோரத்தில் இந்த வழக்கம் ஆண்டின் பாதிக்கு மேல் கைகொடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் அடுத்த மழை வரைக்கும் வறண்டே கிடக்கும் இந்த மண்ணில், சில மரங்கள் இலையைச் சிறுத்துக்கொள்கின்றன, சில மொத்தமாக உதிர்த்துவிடுகின்றன. பன்னிரண்டு மாதமும் கண்ணெதிரே நிற்பது பட்டைதான்.

மரப்பெயர்களின் பட்டியலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பட்டையின் முன் நின்று, இந்த இடத்தில் இந்த மரத்துக்கு எது தட்டுப்பாடு என்று கேட்டு, அதற்கான விடையைப் பட்டையிலேயே தேடும் முறையைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். காற்று, தண்ணீர், காயம் ஆறுவதற்கான அவகாசம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று குறைந்த இடத்தில்தான் பட்டை வழக்கத்துக்கு மாறான உருவம் எடுக்கிறது என்பது இந்தக் கரையில் நடந்து பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு.

முதற்படி: காலத்தையும் கருவியையும் முடிவுசெய்தல்

இரண்டு முறை போவதென்று முதலிலேயே திட்டமிடுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறையும், சித்திரை அல்லது வைகாசியில் ஒரு முறையும் அதே மரங்களைப் பார்த்தால்தான் பட்டை செய்யும் வேலை புலப்படும். கையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், தையற்காரர் அளவுநாடா, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பருத்தித் துணி, பென்சில், கோடு போடாத நோட்டு ஆகியவை போதும். கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பட்டையின் உள்ளடுக்கைப் பார்க்கும் ஆசையில் ஒரு வெட்டு வெட்டினால், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நாமே வாசல் திறந்து கொடுத்தவர்களாவோம். உதிர்ந்த சுள்ளிகளும் காற்றில் முறிந்த கிளைகளும் நமக்கு வேண்டிய அளவுக்குக் கிடைக்கும்.

கரைக்கு இரண்டு முகம் உண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அலை அடங்கியிருப்பதால் அதைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இராமேசுவரம் தீவில் சொல்வார்கள். சேறு படியும் அமைதியான ஓரங்களில் அலையாத்தி மரங்களையும், மணல்தேரிகளில் உடையையும் பனையையும் தேடுங்கள். வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. இந்த வழிகாட்டிக்குத் தேவையான எல்லாம் நிலப்பக்கத்திலேயே இருக்கின்றன.

இரண்டாம் படி: வேப்பங்குச்சியில் பட்டையின் அடுக்குகளைக் கற்றல்

பல்துலக்க ஒடித்த வேப்பங்குச்சியின் தோலை உரித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதையே இப்போது நிதானமாகச் செய்யுங்கள். விரல் தடிமனுள்ள பச்சைக்குச்சியை நகத்தால் மெல்லச் சுரண்டினால் முதலில் பழுப்பான மெல்லிய தோல் வரும். அது தக்கைத் திசு. அதன் செல்கள் இறந்தவை, அவற்றின் சுவர்களில் சூபரின் என்னும் மெழுகு போன்ற பொருள் படிந்திருப்பதால் நீர் எளிதில் கடக்காது. அதற்கு அடியில் பச்சையான ஈர அடுக்கு தெரியும். இன்னும் சுரண்டினால் நார்நாராக வரும் உள்பட்டையை அடைவீர்கள். இலையில் உருவான சர்க்கரையை வேருக்கு இறக்கும் ஃபுளோயம் என்னும் திசு அங்கேதான் இருக்கிறது. நார் உரிந்த இடம் வழவழப்பாகக் கைக்குத் தட்டுப்பட்டால், அது கேம்பியம் என்னும் வளரும் அடுக்கு. அதற்கு உள்ளே இருப்பது கட்டை.

ஒரு மரத்தின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்தெடுத்தால் மரம் ஏன் சாகிறது என்பது இந்தக் குச்சியிலேயே விளங்கும். சர்க்கரை இறங்கும் வழி முழுவதும் அந்த மெல்லிய வளையத்துக்குள் அடங்கியிருப்பதால், வளையம் அறுந்ததும் வேர் பட்டினி கிடக்கிறது. பின்வரும் படிகளில் நாம் பார்க்கப்போகும் விசித்திரங்களில் பல, இந்த ஒரு பலவீனத்தைச் சுற்றியே அமைந்தவை என்பதால் இதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பட்டையே இல்லாத மரத்தை அடையாளம் காணுதல்

சாயல்குடிப் பக்கம் எங்கு திரும்பினாலும் பனை நிற்கிறது. அதன் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரடுமுரடான கறுத்த பட்டை என்று நோட்டில் எழுதினீர்களானால் தொடக்கத்திலேயே பிழை நேர்ந்துவிடும். பனைக்கும் தென்னைக்கும் தக்கையை உண்டாக்கும் அடுக்கும் இல்லை, வேம்பில் நாம் பார்த்த கேம்பிய வளையமும் இல்லை. வெளியே தெரிவது இறுகிக் கறுத்த தண்டின் மேற்புறம்தான். அதில் காணும் வளையங்கள் மட்டைகள் விழுந்த தழும்புகள். அவற்றை ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணி வயது சொல்வது தவறு.

இதனால் பனைக்கு ஒரு குறையும் உண்டு, ஒரு பலமும் உண்டு. தண்டில் ஏற்படும் வெட்டைப் புதுத்தசை வளர்ந்து மூடுவதில்லை; ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படிகள் அந்த மரம் உள்ளவரை அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உணவையும் நீரையும் கடத்தும் குழாய்க்கற்றைகள் ஒரே வளையத்தில் இல்லாமல் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வரப்பில் வைத்த தீ அடிமரத்தைக் கருக்கிய பிறகும் பனை பிழைத்து நிற்பதற்கு இதுவே காரணம். உச்சியிலுள்ள குருத்து சேதப்படாத வரைக்கும் அது தாங்கும். வெளிப்புறத்தில் கற்றைகள் நெருங்கி இறுகிய பகுதியைத்தான் வைரம் பாய்ந்தது என்கிறோம். வீட்டுக்கூரைக்குச் சட்டம் அறுப்பவர்கள் அந்த வைரத்தை எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள சோற்றைக் கழித்துவிடுவார்கள்.

நான்காம் படி: முள் எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்தல்

குடை விரித்தாற்போல் தட்டையான தலையுடன் நிற்கும் உடை மரம் இந்தக் கரையின் அடையாளம். அதன் நீண்ட வெள்ளை முட்கள் இலைக்காம்பின் அடியில் இரட்டை இரட்டையாக நிற்பதை லென்ஸில் பாருங்கள். அவை இலையடிச்சிதல்கள், அதாவது இலைக்காம்பின் அடியில் இணையாக முளைக்கும் சிறு உறுப்புகள், முள்ளாக மாறியவை. பட்டைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பிறகு ஏதேனும் ஒரு வேலியோரத்தில் கல்யாண முருங்கையைத் தேடுங்கள். அதன் சாம்பல்பச்சைத் தண்டில் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும் கூம்பு வடிவக் கறுப்பு முட்களில் ஒன்றை விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் அது பொட்டென்று பெயர்ந்து வரும், கட்டையில் ஓட்டை விழாது. அது பட்டையின் மேலடுக்கிலிருந்தே எழுந்த முள். இலவமரத்தின் தண்டில் இருப்பதும் இந்த வகையே. இப்படிப்பட்ட முட்கள் இளந்தண்டில் அடர்ந்தும், முதிர்ந்த அடிமரத்தில் அருகியும் காணப்படும்.

வேல மரங்களில் பட்டைதான் சரக்கு. கருவேலம்பட்டையிலும் ஆவாரம்பட்டையிலும் துவர்ப்பைத் தரும் டானின் மிகுந்திருப்பதால் அவை தோல் பதனிடப் பயன்பட்டன. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்னவர்கள் நாவில் உணர்ந்ததும் இந்தத் துவர்ப்பைத்தான். வெள்வேலின் வெளிறிய பட்டை சாராயம் வடிக்கும் ஊறலில் சேர்க்கப்பட்டதால், பட்டைச் சாராயம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. மரத்தைப் பொறுத்தவரை டானின் ஒரு காவல். புழுவும் பூஞ்சையும் அதைச் செரிக்கத் திணறுகின்றன. சீமைக்கருவேலத்தை இந்தப் படியில் பார்க்காமலேயே கடந்துபோகலாம். அயல்நாட்டிலிருந்து வந்து நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட அந்த மரத்தின் வலிமை, வெட்ட வெட்டத் தூரிலிருந்து துளிர்ப்பதில் இருக்கிறதே தவிர அதன் பட்டையில் குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: ஈரத்துணியால் பச்சையைச் சோதித்தல்

இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, பலனோ கண்கூடு. வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். செம்பழுப்பான சருகுகள் உரிந்துகொண்டிருக்கும் இடத்தில், உரிந்த பகுதியின் அடியில் தெரியும் வழவழப்பான பரப்பை நனைந்த துணியால் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மேல்தோல் நீரை உறிஞ்சிச் சற்றே ஒளி ஊடுருவுவதாக மாற, அடியிலுள்ள பச்சை மேலெழுந்து தெரியும்.

அடுத்து, வேலியாக நட்ட கிளுவையிடம் போங்கள். கோடையில் இலை முழுவதும் உதிர்ந்து குச்சியாக நிற்கும்போது அது பட்டுப்போனதென்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. காகிதம்போல் மெல்லிய தோல் உரிந்துகொண்டிருக்கும் அதன் தண்டைச் சற்றே ஈரப்படுத்தினால் நல்ல பச்சை தெரியும். உயிருள்ள தண்டு எப்போதும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அப்படி வெளிவரும் கரியமிலவாயுவை வெளியே விடாமல், பட்டைக்கு அடியிலுள்ள பச்சையம் வெயிலின் உதவியால் மறுபடியும் சர்க்கரையாக்குகிறது. இலையின் வழியாக இந்த வேலை நடந்தால் இலைத்துளைகள் திறக்க வேண்டும், திறந்தால் தண்ணீர் ஆவியாகிப்போகும். பட்டையின் வழியாக நடக்கும்போது அந்த இழப்பு மிகக் குறைவு. தண்ணீர்ப் பஞ்சமுள்ள நிலத்தில் இது சிறுகச் சிறுகச் சேர்க்கும் சிக்கனம். ஒளி உள்ளே போக வேண்டுமென்றால் மேல்தோல் தடிக்கக் கூடாது. தண்டு பருக்கப் பருக்க மேல்தோலைக் கழற்றிப் போட்டால்தான் அது மெல்லியதாக இருக்கும். பட்டை உரிவதற்கும் பச்சை தெரிவதற்கும் உள்ள உறவு இதுதான். இரண்டையும் சேர்த்தே நோட்டில் குறியுங்கள்.

ஆறாம் படி: காரங்காட்டுச் சேற்றில் மூச்சுவேர்களைப் படித்தல்

தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காட்டில், வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய் வரலாம். நேரம் மிகுதியாக வேண்டியது இந்தப் படிக்குத்தான். அரை நாளை ஒதுக்குங்கள். பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், நீர் வற்றும் நேரத்தைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால்தான் சேறும் வேரும் வெளியே தெரியும்.

இங்கே பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். அதன் அடிமரத்துப் பட்டை மெல்லியது, சாம்பல்பச்சை நிறமுடையது, ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பெயர்வது. கோடைக்காலக் கிளுவையில் பார்த்ததற்கு இது உறவு. ஆனால் பார்வையை அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே இறக்குங்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். இரண்டு மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரே மரத்துக்கு இவை 10,000-க்கு மேலும் இருக்கக்கூடும். படகில் இருந்தபடியே ஒன்றை லென்ஸ் வழியாகப் பார்த்தால், அதன் தோலில் மணல் ஒட்டியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரியும். அவைதான் பட்டைத்துளைகள்.

பட்டைத்துளை இந்த மரங்களுக்கு மட்டும் உரியதன்று. முருங்கை, பூவரசு, வேம்பு என்று ஏறக்குறைய எல்லா மரங்களின் இளங்கிளைகளிலும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் அது உண்டு. தக்கை நீரைத் தடுப்பதுபோல் காற்றையும் தடுத்துவிடுவதால், உள்ளேயிருக்கும் உயிருள்ள செல்கள் மூச்சுவிட விட்டுவைத்த இடைவெளி அது. நல்ல மண்ணில் வேருக்கு இந்தக் கவலை இல்லை, மண்துகள்களுக்கு நடுவிலேயே காற்று இருக்கும். காரங்காட்டுச் சேற்றிலோ அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. உயிர்வளி இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் வெளிவிடும் வாயுவின் வாடை அது. அங்கே புதைந்து கிடக்கும் வேருக்கு மேலேயிருந்துதான் காற்று வந்தாக வேண்டும். அதற்காகவே வேரைச் சேற்றுக்கு வெளியே நீட்டி, அதன் பட்டையில் துளைகளை நிறைத்து, உள்ளே கடற்பஞ்சு போன்ற காற்றறைத் திசுவை இந்த மரம் வைத்திருக்கிறது.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. துளையின் திசு நீரை ஒட்டவிடாது. காற்று போகும், தண்ணீர் போகாது. ஓதம் ஏறி மூச்சுவேர் மூழ்கியதும் உள்ளேயிருக்கும் உயிர்வளி செலவாகிக்கொண்டே போகிறது. வெளியாகும் கரியமிலவாயு நீரில் எளிதில் கரைந்துவிடுவதால் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. நீர் வற்றித் துளைகள் வெளியே வந்த அந்தக் கணத்தில் வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுபடுகிறது. தினமும் ஏறி இறங்கும் கடலே இந்த மரத்துக்குத் துருத்தி ஊதுகிறது என்று சொல்லலாம். 1955-இல் ஷோலாண்டர் என்ற உடலியலாளர் தம் குழுவினருடன் சேர்ந்து, சுரபுன்னையின் இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்றின் ஊன்றுவேர்களிலுள்ள பட்டைத்துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார். சேற்றுக்குள் இருந்த வேரில் 15 முதல் 18 விழுக்காடு வரை இருந்த உயிர்வளி, இரண்டே நாளில் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எண்ணெய்க் கசிவு அலையாத்திக் காடுகளைக் கொல்லும் வழிகளில் இந்தத் துளையடைப்பும் ஒன்று. மூச்சுவேரில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் பையும் சிறிய அளவில் அதையே செய்கிறது. படகிலிருந்து கை எட்டினால் எடுத்துவிட்டு வாருங்கள்.

சுரபுன்னை கண்ணில் பட்டால், வில்போல் வளைந்து இறங்கும் அதன் ஊன்றுவேர்களில் பட்டைத்துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். டானின் மிகுந்த அதன் பட்டை செம்பழுப்பானது. நைலான் வராத காலத்தில், பருத்தி நூல் வலைகள் மக்கிப்போகாமலிருக்க மரப்பட்டைகளைக் கொதிக்கவைத்த சாயநீரில் அவற்றை ஊறவைத்துக் காயப்போடும் வேலை கடலோர ஊர்களில் இருந்தது. நைலான் வலை வந்தபின் அந்தக் கொப்பரைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. கண்டல் மரங்களுக்கு அதனால் நன்மையே விளைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அலையாத்திக் காட்டின் ஓரங்களில் நிற்கும் தில்லை மரத்தைத் தொடாதீர்கள். பட்டையில் சிறு கீறல் பட்டாலும் வெண்பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை தற்காலிகமாகப் போகுமளவுக்குப் புண்ணாக்கும். தெறித்துவிட்டால் கசக்காமல், ஏராளமான நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏழாம் படி: காயம் ஆறும் விதத்தை ஒப்பிடுதல்

காயம் பட்ட மரங்களைத் தேடிப் பாருங்கள். ஆடு உராய்ந்தது, கயிறு இறுகியது, விளம்பரத் தட்டி ஆணியில் தொங்கியது என்று தெருவெங்கும் கிடைக்கும். முருங்கை, காயத்தில் பிசினை ஊறவிடுகிறது. முதலில் வெளிறியிருக்கும் அது நாளாக ஆகச் செம்பழுப்பாக மாறும். ஆலமரம் பாலால் அடைக்கிறது. படகு வடிவ வெடிப்புகளைக் கொண்ட புன்னையின் பட்டையில் மஞ்சள் சாயலுள்ள பால் கசியும். வேம்பில் காயத்தின் விளிம்பிலிருந்து உதடுபோலப் புதுத்தசை சுருண்டு வந்து ஆண்டுக்கணக்கில் மூடும்.

வெண்கண்டலும் உகா மரமும் இந்த வரிசையில் சேராதவை. இரண்டாம் படியில் பார்த்தபடி, சர்க்கரை இறங்கும் திசு பட்டையில் மட்டும்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் அது கட்டைக்குள்ளேயும் இருக்கிறது. வெண்கண்டலில் ஒரு கேம்பிய அடுக்கு ஓய்ந்ததும் அதற்கு வெளியே இன்னொன்று உருவாகி, கட்டையும் ஃபுளோயமும் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. வெட்டிய தண்டில் தெரியும் வளையங்களை வைத்து வயதை எண்ண முடியாததும் இதனால்தான். மேல்பட்டை சிதைந்தாலும் உள்ளிருக்கும் வழிகள் வேலைசெய்யும் என்பதால், அரிப்பும் உப்பும் மிதந்துவரும் மரத்துண்டுகளின் இடியும் ஓயாத இடத்தில் இது பெரிய பாதுகாப்பு.

உகா, கீழக்கரைப் பக்கம் பல்துலக்கும் மிஸ்வாக் குச்சியாகப் பலருக்கும் அறிமுகமான மரம். கடையில் வாங்கிய மிஸ்வாக் குச்சியின் முனையைக் கூரிய பிளேடால் குறுக்காகச் சீவி லென்ஸில் பார்த்தால், கட்டைக்கு நடுவே மென்மையான திட்டுகள் தெரியும். உள்ளே புதைந்த ஃபுளோயம் அதுவே. உகாயின் அடிமரம் புறாவின் முதுகுபோல் இருக்கிறது என்று சங்கப் பாடல் ஒன்று சொல்கிறது. மங்கலான சாம்பல் நிறத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை எழுதியதில்லை, ஆகவே என் நோட்டிலும் அதையே எழுதி வைத்திருக்கிறேன்.

எட்டாம் படி: பெருக்க மரத்தை அளத்தல்

அரபு வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம், இந்தக் கடலோரத்தின் பழைய ஊர்கள் சிலவற்றிலும், எதிர்க்கரையில் மன்னாரிலும் நிற்கிறது. பப்பரப்புளி, ஆனைப்புளி, பொந்தன்புளி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. மார்பளவு உயரத்தில் சுற்றளவை எடுங்கள்; ஒரு நாடா போதாது, கயிற்றால் சுற்றிப் பிறகு கயிற்றை அளக்க வேண்டும்.

யானைத்தோல்போல் மடிந்து தொங்கும் சாம்பல்நிறப் பட்டை 5 முதல் 10 செ.மீ. வரை தடிக்கக்கூடியது, நார் மிகுந்தது. ஆப்பிரிக்காவில் கயிறு திரிக்க இந்த நாரை உரிக்கிறார்கள், யானைகளும் ஈரத்துக்காகக் கிழித்துத் தின்கின்றன. வேறொரு மரமென்றால் அத்துடன் கதை முடியும். பெருக்க மரமோ உரிக்கப்பட்ட பரப்பிலேயே புதுப்பட்டையை வளர்த்துக்கொள்கிறது; ஆறிய இடம் பளபளப்பாகவும் குழிந்தும் தெரியும். மேல்தோலுக்குச் சற்று அடியில் இதற்கும் பச்சை அடுக்கு உண்டு. ஆண்டின் பெரும்பகுதியை இலையின்றிக் கழிக்கும் மரத்துக்கு அது தேவைப்படுகிறது. காற்று, தண்ணீர், காயம் என்று தொடக்கத்தில் சொன்ன மூன்றில் பின்னிரண்டுக்கும் ஒரே பட்டையில் விடை வைத்திருப்பதால், ஐந்தாம் படியையும் ஏழாம் படியையும் முடித்த பிறகே இந்த மரத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒன்பதாம் படி: ஏமாற்றும் அடையாளங்களை நீக்கிப் பதிவுசெய்தல்

முதல் ஆண்டில், ஒரு புளியமரத்துக்கு முழங்கால் உயரம்வரை செம்மண்நிறப் பட்டை என்று நானே எழுதிவைத்திருந்தேன். அடுத்த மழையில் அந்தப் பட்டை கரைந்து வழிந்துவிட்டது. கரையான் பூசிய மண் அது. தென்னையின் ஒரு பக்கத்தில் காணும் வெண்திட்டுகளும் பெரும்பாலும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன்களே. லென்ஸில் அவற்றின் ஓரம் மடிப்பு மடிப்பாகத் தெரியும், ஈரத்துணி பட்டதும் அவையும் பச்சையாகும் என்பதால் ஐந்தாம் படியின் சோதனையைத் திட்டுகளின் மேல் செய்யாதீர்கள். கடலைப் பார்த்த பக்கத்தில் உப்புக்காற்று அரித்த வெடிப்பும், நிலப்பக்கத்து இயல்பான வெடிப்பும் வேறுபடும். எனவே ஒரு மரத்துக்கு எதிரெதிராக இரண்டு இடங்களையாவது பாருங்கள்.

புகைப்படம் எடுக்கும்போது அளவு தெரிய ஒரு நாணயத்தைச் சேர்த்து எடுங்கள். அதைவிட நல்லது, மெல்லிய தாளைப் பட்டைமேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுக்கும் பிரதி. வெடிப்பின் ஆழமும் திசையும் அதில் அப்படியே பதியும். தாளின் மூலையில் நாள், கடலிலிருந்து தூரம், திசை, இலை இருந்ததா இல்லையா என்ற நான்கையும் எழுதுங்கள். சித்திரையில் அதே மரத்தை மீண்டும் கண்டுபிடிப்பதற்காக அதில் ஆணியோ தகடோ அடிக்க வேண்டாம். பக்கத்திலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும், அங்கிருந்து எத்தனை எட்டு என்பதையும் குறித்துக்கொண்டால் போதும்.